இருபத்தெட்டு இறாத்தல் காற்று

2024 ஆம் ஆண்டு யூலை மாதம் பதினான்காம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் ஏழு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு அந்தச் செய்தி வந்தது. மோட்டார் சைக்கிள் கழகத்தின் வட்ஸ்அப் குழுவில் அன்றைக்கு அறுபத்து மூன்று பேர் இருந்தார்கள். அத்தனை பேருடைய தொலைபேசியிலும் ஒரே வேளையில் போய் விழுந்தது.

"இன்றைய விபத்துக்குக் காரணம் தரமில்லாத ரயர். கிளிநொச்சி கரடிப்போக்குச் சந்தி கமலாசனி கடையில் பூட்டப்பட்டது. அந்தக் கடையில் ரயர் பூட்டியவர்கள் மறு அறிவித்தல் வரை ஓடுதளத்துக்கு வர வேண்டாம். வரும் ஞாயிறு கூட்டத்தில் முடிவெடுக்கப்படும். தயாபரன், தொழில்நுட்பப் பொறுப்பாளர்."

கமலாசனி குசினி வாசலில் நின்றபடி அதை மூன்று தரம் வாசித்தார். மூன்று தரம் வாசித்தும் தான் தேடியது கிடைக்கவில்லை. எந்த ரயர், முன்னா, பின்னா? எத்தனை இறாத்தல் காற்று இருந்தது? அளந்தவர் யார்? எத்தனை மணிக்கு அளந்தார்? ஒன்றும் இல்லை. ஒரு மனிசியின் பதினொரு வருட உழைப்பை நாலு வரியில் குழி தோண்டிப் புதைத்தவருக்கு ஓர் இலக்கம் எழுத நேரம் கிடைக்கவில்லை.

"உதை ஏன் நிண்டு வாசிக்கிறீர்? இருந்து வாசியுமன்" என்றார் பரமேஸ்வரன். ஓய்வுபெற்ற பஸ் சாரதி. மனைவியின் முகம் போகிற போக்கைப் பார்த்து எந்த நேரத்தில் பிறேக் போட வேண்டும் என்று தெரிந்தவர்.

"தரமில்லாத ரயராம்."

"ஆர் சொன்னது?"

"தயாபரன்."

"அவன் அளந்தவனோ?"

"அவன் கிட்டயும் வரேல்லை!"

பரமேஸ்வரன் கதிரையை இழுத்து அவர் பக்கத்தில் போட்டார். கமலாசனி இருக்கவில்லை.

அவருடைய கடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். துணுக்காயில் பிறந்த கமலாசனி, இடம்பெயர்ந்து இருந்த காலத்தில் சைக்கிள் ரியூபுக்கு ஒட்டுப் போடப் பழகியவர். மீளக்குடியேறிய பிறகு, 2011 இல், கரடிப்போக்கில் தகரக் கொட்டில் ஒன்றில் காற்றடிக்கும் இயந்திரம் ஒன்றுடன் கடையைத் தொடங்கினார். இரண்டு வருடம் எல்லாரையும் போலத்தான் வேலை செய்தார். 2013 ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஒன்பதாம் திகதி, அவர் புதிது என்று சொல்லிப் பூட்டிக் கொடுத்த வான் ரயர் மாங்குளத்தில் வெடித்தது. வானுக்குள் ஏழு பேர். தெய்வாதீனமாக ஒருவருக்கும் காயமில்லை. வெடித்த ரயரை அவர் முன்னால் போட்டவர்கள் ஓர் இடத்தைச் சுட்டிக்காட்டினார்கள். பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம். முதல் இரண்டும் கிழமை, பின் இரண்டும் வருடம். அந்த ரயர் 2004 ஆம் ஆண்டின் முப்பத்தோராவது கிழமையில் செய்தது. உறை பிரிக்காமல் ஒன்பது வருடம் யாரோ ஒருவருடைய களஞ்சியத்தில் கிடந்து காய்ந்திருக்கிறது. பார்க்கக் கறுப்பாக, புத்தம் புதிதாக இருந்தது. கமலாசனிக்கு அந்த நாலு இலக்கத்தைப் பற்றி அன்றுவரை ஒருவரும் சொல்லித் தந்ததில்லை.

அன்று பின்னேரமே ஒரு சீஆர் கொப்பி வாங்கினார். ரயரின் நாலு இலக்கம், பூட்டிய திகதி, காற்றின் அளவு, அளந்த நேரம், அளந்தவர். அளந்தவர் என்ற நிரலில் எப்போதும் ஒரே எழுத்துத்தான், 'க'. தன் கண்ணால் பார்க்காத எதையும் எழுதுவதில்லை என்பது விதி. இப்போது நடப்பது பதினான்காவது கொப்பி.

ஓடுதள ரயர்கள் அவரிடம் வந்தது 2021 இல். அநுராதபுரத்துக்கு அப்பால் தனியார் ஒருவர் வளைவும் நெளிவுமாகத் தார் போட்டு ஓர் ஓடுதளம் அமைத்திருக்கிறார். மாதத்தில் ஒரு ஞாயிறு அங்கே கட்டணம் கட்டிவிட்டுச் சொந்த மோட்டார் சைக்கிளை விரும்பிய வேகத்தில் ஓட்டலாம். போட்டியுமில்லை, பரிசுமில்லை. வீதியில் ஓடிச் சாவதை விட அங்கே ஓடுவது மேல் என்று கழகம் தொடங்கியது. முதலில் வந்தவர் வவுனியாவில் தாதியாக வேலை செய்யும் அனோஜா. அவர் சொல்லி மற்றவர்கள் வந்தார்கள். 2024 யூலையில் ஒன்பது மோட்டார் சைக்கிள்களின் ரயர்கள் கமலாசனியின் பொறுப்பில் இருந்தன.

பொறுப்பு என்றால் பூட்டி அனுப்புவது மட்டுமல்ல. இந்த ரயர்களின் இறப்பர் மிருதுவானது. சூடேறினால்தான் தாரைப் பிடிக்கும். ஆனால் சூடேறி ஆறும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் இறுகும். அதனால் எத்தனை தடவை சூடேறியது என்பதற்கு ஒரு நிரல். பாவிக்காத நாளில் கறுப்புப் பையில் சுற்றி, பின் அறையில் மரத்தட்டில் நிமிர்த்தி வைப்பார். வெயில் படக்கூடாது. பற்றறி ஏற்றும் இடத்துக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் பக்கத்தில் வைக்கக்கூடாது. அந்த மின்பொறிக் காற்றில் இறப்பர் வெடிப்பு விடும். படம் எடுக்கவென்று பளபளப்பு எண்ணெய் பூசிக்கொண்டு வருபவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். "உதைக் கலியாண வீட்டுக்குக் கொண்டு போங்கோ, ஓட்டத்துக்குக் கொண்டு போகாதேங்கோ" என்பார்.

அன்று விபத்தில் சிக்கிய வட்டக்கச்சி சாருஜனுக்கு ரயர் தெரிவு செய்தபோதும் ஒரு சண்டை நடந்தது. நில அளவையாளரிடம் வேலை செய்யும் இருபத்தைந்து வயதுப் பிள்ளை. தொலைபேசியில் பார்த்துவிட்டு ஆக மிருதுவான ரயர்தான் வேண்டும் என்று நின்றான்.

"வெளிநாட்டிலை எல்லாரும் சொவ்ற்தான் போடுறாங்கள் அன்ரி."

"உங்கை மத்தியானம் தாரிலை வெறுங்காலோடை நிண்டு பாரும் தம்பி. நிண்டுபோட்டு வந்து சொவ்ற் எண்டு சொல்லும். அது மூண்டு சுத்திலை பாணி மாதிரி உருகிப் போகும்."

நடுத்தரம்தான் பூட்டினார். பின் ரயரின் நாலு இலக்கம் 0924. நாலரை மாதப் பிள்ளை. அதைத்தான் தரமில்லாதது என்று எழுதினார் தயாபரன்.

விபத்து நடந்த அன்று காலை நாலு நாற்பதுக்கு, குளிர்ந்த ரயரில் கமலாசனி அளந்தது முன்னுக்கு முப்பது இறாத்தல், பின்னுக்கு இருபத்தெட்டு. ஓடச் சூடேறி, இரண்டும் தானாகவே நாலைந்து இறாத்தல் ஏறும். அந்த ஏற்றத்துக்கு இடம் விட்டுத்தான் குளிரில் குறைத்து வைப்பது.

சாருஜனின் தகப்பன் குகதாசன் தன்னுடைய சின்னப் பட்டா லொறியில் மோட்டார் சைக்கிளை ஏற்றிக்கொண்டு நின்றார். தகப்பன் வழியில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம், எட்டு ஏக்கர் வயல். நல்ல மனிதர். வாய் கொஞ்சம் பெரிது. லொறியில் ஏற்றியதும் பின் ரயரைப் பெருவிரலால் அமத்திப் பார்த்தார். முகம் கோணியது.

"பிள்ளை, இது மெத்தெண்டெல்லோ கிடக்கு."

"அது அப்பிடித்தான் அண்ணை இருக்கவேணும். உது நெல்லு மூட்டை ஏத்துற ரயர் இல்லை."

"இருந்தாலும்..."

"இருந்தாலும் இல்லை. தொடாதேங்கோ."

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். வன்னியில் மோட்டார் சைக்கிள் என்பது ஆள் ஏறுகிற வாகனம் மட்டுமல்ல. இரண்டு நெல் மூட்டையும் அதற்கு மேல் ஒரு பிள்ளையும் ஏறும். கிரவல் ரோட்டில், வாய்க்கால் கட்டில் ஓடும். ஆகவே கடைக்கு வருகிற எவரும் இத்தனை இறாத்தல் என்று கேட்பதில்லை, "நல்லா இறுக்கி அடியுங்கோ" என்பார்கள். பெருவிரலுக்குக் கல்லுப் போல இருந்தால்தான் அது காற்று. பதினொரு வருடமாக இந்தப் பெருவிரலோடு போராடி வருகிறார் கமலாசனி.

கமலாசனியும் லொறியில் ஏறிக்கொண்டார். ஐந்தே காலுக்கு முறிகண்டியில் லொறி நின்றது. கண்டி வீதியால் போகிற எந்த வாகனமும் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் போவதில்லை. சாருஜன் கச்சான் வாங்கப் போனான்.

"நீங்கள் போய்த் தேங்காயை உடையுங்கோ பிள்ளை. நான் வாகனத்தைப் பாக்கிறன்" என்றார் குகதாசன்.

அந்த நேரத்திலும் சனம் நின்றது. கமலாசனி தேங்காய் உடைத்து, திருநீறு வாங்கிக்கொண்டு வரப் பதினைந்து நிமிடம் பிடித்தது. குகதாசன் லொறியின் பின்பக்கத்தில் சால்வையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"என்னண்ணை, விடியக்காலமையே இப்பிடி வேர்த்துக் கிடக்கு?"

"வயசு போட்டுதெல்லோ பிள்ளை."

ஓடுதளத்து வாசலில் எட்டு நாற்பதுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஓடுகிறவரோடு ஒருவர்தான் உள்ளே போகலாம். ஒரேயொரு அட்டை. அதைக் குகதாசன் கழுத்தில் மாட்டிக்கொண்டார். பெற்ற தகப்பன் வெளியில் நிற்பதோ என்று கேட்டார். கமலாசனி தயாபரனிடம் போனார்.

"தம்பி, ரயருக்குப் பொறுப்பு நான். ஓட முதல் நான் ஒருக்கா அளக்கவேணும்."

"விதி எண்டால் விதிதானே அக்கா. எல்லாரையும் விட்டால் உள்ளுக்கை சந்தை கூடிப்போடும்."

"அப்ப நீர் அளவும்."

"முப்பது மோட்டார் சைக்கிள் நிக்குது. நான் ஒவ்வொண்டா அளந்துகொண்டு நிக்கிறதோ?"

வேறு வழியில்லாமல் கமலாசனி தன்னுடைய காற்றுமானியைக் கம்பி வேலிக்கு மேலால் குகதாசனிடம் கொடுத்தார். "முன்னுக்கு முப்பது, பின்னுக்கு இருபத்தெட்டு. ஒண்டு கூடினாலும் குறைஞ்சாலும் எனக்கு வந்து சொல்லுங்கோ." குகதாசன் தலையாட்டிக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் தூரத்தில் நின்று கையை உயர்த்திக் கத்தினார்: "எல்லாம் சரியாக் கிடக்கு பிள்ளை!"

கமலாசனி கொப்பியில் எழுதினார்: 9.05, பார்த்தவர் குகதாசன், சரி. பதினான்கு கொப்பியிலும் தன் கண்ணால் காணாமல் அவர் எழுதிய ஒரே வரி அதுதான்.

பத்து இருபதுக்கு, மூன்றாவது சுற்றில், இடப்பக்க வளைவில் சாருஜன் சறுக்கி விழுந்தான். பின்னால் வந்த அனோஜா நிறுத்தி இறங்கி, அவனை அசைய விடாமல் பார்த்துக்கொண்டார். காறை எலும்பு முறிவு. வேறு பெரிய காயமில்லை. அம்புலன்சில் வவுனியாவுக்குக் கொண்டு போனார்கள், தகப்பனும் கூடப் போனார்.

மோட்டார் சைக்கிளை வாசலுக்கு உருட்டி வந்தபோது கமலாசனி குந்தியிருந்து பின் ரயரைப் பார்த்தார். நடுவில் மூன்று விரல் அகலத்துக்கு மினுங்கி, நீலம் பாரித்து எரிந்திருந்தது. இரண்டு கரையும் கடையில் பூட்டியது போலவே, இறப்பர் மயிர் கூட உதிராமல் புதிதாக இருந்தது. இதைப் படிக்கத் தெரிந்தவருக்கு வேறு சாட்சி தேவையில்லை. காற்று கூடி, ரயர் பந்து போல உப்பி, நடுப்பகுதியால் மட்டும் ஓடியிருக்கிறது. சரிந்து திரும்பும்போது தாரைப் பிடிக்கக் கரை இருக்கவில்லை.

சூடான ரயரை அளந்து பிரயோசனமில்லை, இலக்கம் பொய் சொல்லும். அதனால் இரண்டு வால்வு மூடியையும் இறுக்கி, ஒட்டுநாடா சுற்றி, அதன் மேல் அனோஜாவிடம் கையெழுத்து வாங்கினார். பதினொரு மணி பத்து நிமிடம். தயாபரன் பத்து யார் தூரம் தள்ளி நின்று தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தார். வந்து பார்க்கச் சொல்லி இரண்டு தரம் கூப்பிட்டார் கமலாசனி. பிறகு வாறன் என்று கையைக் காட்டினார் அவர். பிறகு வந்தது ஏழு பன்னிரண்டுச் செய்திதான்.

திங்கட்கிழமை காலை ஐந்து நாற்பதுக்கு, இரவே கடைக்கு ஏற்றிவந்திருந்த மோட்டார் சைக்கிளை அளக்க, எதிர்ப்பக்கத்தில் ரயர்க் கடை வைத்திருக்கும் சுடலைமுத்துவைக் கூப்பிட்டார். தொழிலில் அவருக்கும் இவருக்கும் ஆகாது. அதனால்தான் கூப்பிட்டார். வரும்போது சொந்தக் காற்றுமானியையும் கொண்டு வரச் சொன்னார். அனோஜாவின் கையெழுத்துள்ள நாடாவைச் சுடலைமுத்துவே வெட்டினார். முன்னுக்கு நாற்பது. பின்னுக்கு நாற்பத்தொன்று. கமலாசனியின் பழைய மானியிலும் அதுவே. மூன்றாவது மானி ஒன்றை இரவல் வாங்கி அளந்தபோதும் அதுவே.

"என்னக்கா இது, லொறிக்கு அடிச்ச மாதிரி அடிச்சிருக்கிறியள்?" என்றார் சுடலைமுத்து.

"நான் அடிச்சது இருபத்தெட்டு."

"அப்ப மிச்சத்தை ஆர் அடிச்சது, பிள்ளையாரோ?"

சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தச் சிரிப்பு கமலாசனிக்கு நெஞ்சில் குத்தியது. ஆனால் கையெழுத்து கையெழுத்துத்தான்.

ஆஸ்பத்திரியில் கிடந்த சாருஜனுக்கு எடுத்துக் கேட்டார். "நான் வால்வைத் தொடவே இல்லை அன்ரி. அப்பா எல்லாம் பாத்தாச்சு எண்டு சொன்னவர்." அப்பா கை வைத்தாரோ என்று கேட்டதற்கு, "அவருக்கு உது ஒண்டும் தெரியாதே" என்றான். குகதாசன் தொலைபேசியை வாங்கவேயில்லை. தூரத்தில் அவருடைய குரல் மட்டும் கேட்டது: "அந்த மனிசியோடை எனக்கு ஒரு கதையுமில்லை!"

பிறகு தயாபரனுக்கு எடுத்தார். மூன்று மானி, இரண்டு கையெழுத்து, குளிர்ந்த ரயரில் நாற்பத்தொன்று, தன் கொப்பியில் இருபத்தெட்டு, இடையில் யாரோ கூட்டியிருக்கிறார்கள் என்று ஒழுங்காக, திகதி நேரத்தோடு சொன்னார். தயாபரன் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"கொப்பியிலை எதையும் எழுதலாந்தானே அக்கா."

எதையும் எழுதலாமாம்! காய்ச்சலோடும் எழுதிய கொப்பி. மகள் கௌசலாவின் கலியாண நாளன்றும், கூறைச் சேலையில் கறை பட்டுவிடும் என்று சொந்தக்காரர் கத்தக் கத்த, அவசரமாக வந்த அம்புலன்ஸ் ரயரை அளந்து எழுதிய கொப்பி. தனக்குப் பாதகமான இலக்கத்தையும் மறைக்காமல் எழுதிய கொப்பி. ஓர் இலக்கம் கூட எழுதாமல் அறுபத்து மூன்று பேருக்கு ஒரு பொய்யை அனுப்பிய மனிதர் அதைப் பார்த்து எதையும் எழுதலாம் என்கிறார். எழுதலாம்தான். தயாபரன் எழுதிக் காட்டியிருக்கிறாரே!

அந்தக் கிழமை நாலு பேர் வந்து தங்கள் ரயர்களை எடுத்துக்கொண்டு போனார்கள். மூன்று பேர் ஏன் என்று சொல்லாமலே போனார்கள். ஒருவர் மட்டும், "கோவிக்காதேங்கோ அன்ரி, வீட்டிலை பயப்பிடினம்" என்றார். கூட்டத்தில் தடை உறுதியானால் ஓடுதள ரயர் மட்டும் போகாது. பள்ளிக்கூட வானும் அம்புலன்சும் நாளைக்கு வேறு கடை தேடும். மாங்குளத்தில் வெடித்த ரயருக்குப் பிறகு கல்லுக் கல்லாகக் கட்டிய பெயர் அது.

"போய்க் கத்தாதையும்" என்றார் பரமேஸ்வரன். "கத்தினால் கத்தினதைத்தான் கதைப்பாங்கள். இலக்கத்தைச் சொல்லும்."

"கத்தவும் செய்வன், இலக்கமும் சொல்லுவன்."

இருபத்தோராம் திகதி கூட்டம் வவுனியாவில், ஒரு தனியார் கல்வி நிலையத்தின் வகுப்பறையில். பத்து மணிக்கு என்று அறிவித்து, பத்து முப்பத்தைந்துக்குத் தொடங்கினார்கள். இருபத்திரண்டு பேர், பிள்ளைகளின் வாங்குகளில் முழங்கால் இடிக்க இருந்தார்கள். கமலாசனி மூன்றாம் வாங்கில், மடியில் பதினான்காவது கொப்பி.

தயாபரன் முதலில் குகதாசனைப் பேசச் சொன்னார். பாதிக்கப்பட்ட தரப்பு என்றார். குகதாசன் எழும்பினார். ஒரு கிழமையாகப் பிள்ளைக்குச் சோறு ஊட்டிய களைப்பும் கோபமும் அவர் முகத்தில் இருந்தன.

"என்ரை பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு கிடக்கிறான். சேட்டுப் போடவும் ஆள் வேணும். ஏன்? இந்த மனிசி காத்தே போடேல்லை! அண்டைக்கு விடியவே சொன்னனான், பிள்ளை, ரயர் மெத்தெண்டு கிடக்கு எண்டு. கேட்டவவோ? தொடாதேங்கோ எண்டவ. பெருவிரலை வைச்சால் உள்ளுக்கை போகுது. அதையும் ஒரு ரயர் எண்டு பூட்டி அனுப்பினவ!"

சிலர் தலையாட்டினார்கள். அவருக்கு உற்சாகம் ஏறியது.

"நான் மட்டும் முறிகண்டியிலை இறங்கி, கால் பம்பாலை ரண்டு ரயருக்கும் நல்லா இறுக்கிக் காத்து அடிச்சிருக்காட்டில், பிள்ளை அண்டைக்கே முடிஞ்சிருப்பான்! வேர்த்து விறுவிறுத்து அடிச்சனான். பெத்த மனம் கேக்குமே? நான் அடிச்ச காத்தாலைதான் இண்டைக்குக் காறை எலும்போடை தப்பினவன். சொல்லுங்கோ, இவவின்ரை கடையை என்ன செய்யிறது?"

பின் வாங்கில் யாரோ சிரிப்பை அடக்கி இருமினார்கள். குகதாசன் சுற்றிப் பார்த்தார், எல்லாரும் ஏன் தன்னைப் பார்க்கிறார்கள் என்று விளங்காமல்.

அனோஜா எழும்பினார். "அங்கிள், எத்தனை தரம் மிதிச்சனீங்கள்?"

"ஆர் பிள்ளை எண்ணினது? கல்லாகும் வரைக்கும் மிதிச்சனான்."

"நான் தந்த கேஜை வைச்சுப் பாக்கேல்லையோ?" என்று கேட்டார் கமலாசனி.

"அது சட்டைப் பைக்குள்ளை கிடந்தது. எனக்கென்னத்துக்கு உது? என்ரை விரலிருக்கு." சொல்லிக்கொண்டு வந்தவர் பாதியில் நின்றார். சபையைப் பார்த்தார். தன் பெருவிரலைப் பார்த்தார். "ஏன்... காத்துப் போட்டது ஒரு குற்றமே?"

அனோஜா அவருக்கு விளக்கினார். நடு எரிந்ததையும் கரை எரியாததையும், ரயர் சூடேறினால் காற்று இன்னும் கூடும் என்பதையும் பொறுமையாகச் சொன்னார். குகதாசன் மெல்ல மெல்ல வாங்கில் இருந்தார்.

தயாபரன் கையைத் தட்டினார். "சரி, சரி. தெரியாமல் நடந்தது. ஆரும் மனசிலை வைக்காதேங்கோ. அடுத்த விசயத்துக்குப் போவம்."

"போகேலாது" என்றார் கமலாசனி.

எழும்பி முன்னால் வந்தார். மேசையில் கொப்பியை வைத்துத் திறந்தார்.

"முதல்லை என்ரை பிழையை வாசிக்கிறன். பதினாலாம் திகதி, ஒன்பது ஐஞ்சுக்கு, 'பார்த்தவர் குகதாசன், சரி' எண்டு எழுதியிருக்கிறன். அது நான் காணாதது. எழுதினது பிழை." பேனையால் அந்த வரியை ஒரு கோட்டால் வெட்டி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். வெட்டிய வரி இன்னும் வாசிக்கக் கூடியதாகவே இருந்தது. "இப்ப உங்கடை பிழை, தம்பி. போனை எடும்."

"வாயாலை சொன்னால் காணாதோ அக்கா? எல்லாரும் கேட்டவைதானே."

"கேட்டது இருபத்திரண்டு பேர். நீர் அனுப்பினது அறுபத்து மூண்டு பேருக்கு."

தயாபரன் தொலைபேசியை எடுத்து ஏதோ தட்டினார். காட்டச் சொன்னார் கமலாசனி. "விபத்துத் தொடர்பான சிறு குழப்பம் தீர்ந்தது" என்றிருந்தது.

"குழப்பம் ஆருக்கு? எனக்கில்லை. அழியும்."

அழித்தார். மறுபடி எழுதினார். கடையின் பெயர் இல்லை. "பிழையைச் சொல்லேக்கை கடையின்ரை பேர், சந்தியின்ரை பேர் எல்லாம் போட்டனீர். சரி எண்டு சொல்லேக்கை மட்டும் பேர் வாயிலை வராதோ? போடும்." போட்டார். இலக்கம் இல்லை. "இருபத்தெட்டு, நாற்பத்தொண்டு. ரண்டையும் போடும். நீர் அளக்கேல்லை எண்டதையும் போடும்."

"அதையுமோ?"

"அதைத்தான் முதல்லை போட்டிருக்கவேணும்."

நடுவில் குகதாசன் தலையை நிமிர்த்தாமல் கேட்டார்: "என்ரை பேரும் வருமோ?"

கமலாசனி அவரைப் பார்த்தார். தன்னுடைய பெயரைப் போட்டபோது அவர் வாய் மூடி இருந்ததைச் சொல்ல நா துடித்தது. அவருடைய சேட்டில் குழம்புக் கறை ஒன்று, பிள்ளைக்கு ஊட்டியபோது சிந்தியிருக்க வேண்டும். "பேர் வேண்டாம்" என்றார். "தகப்பன் எண்டு போடட்டும்."

ஐந்தாவது தடவை எழுதியதுதான் சரி வந்தது. பதினொரு மணி இருபத்தாறு நிமிடத்துக்குச் செய்தி போனது. தன் தொலைபேசியில் அது வந்து விழும்வரை கமலாசனி மேசையை விட்டு அசையவில்லை. அதோடு, ரயருக்குப் பொறுப்பானவருக்குத் தனியாக ஓர் அட்டை என்ற விதியையும் அன்றைக்கே எழுத வைத்துவிட்டுத்தான் வாங்கில் போய் இருந்தார்.

இத்துடன் எல்லாம் சரி என்று எழுத ஆசைதான். ஆனால் பொய்ச் செய்திக்குக் கீழே அன்றிரவு நாற்பத்தேழு பேர் ஏதாவது ஒன்று எழுதியிருந்தார்கள். கவலை என்றார்கள், கண்டனம் என்றார்கள், கடையைப் பூட்ட வேண்டும் என்றார்கள். திருத்தத்துக்குக் கீழே எழுதியவர்கள் ஆறு பேர். அதில் ஒருவர் கேட்டது அடுத்த ஓட்டம் எப்போது என்று. ரயரை எடுத்துக்கொண்டு போன நாலு பேரில் மூவர் திரும்பி வந்தார்கள். நாலாமவர் கடையைக் கடக்கும்போது மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு போகிறார். கமலாசனி இதையும் எண்ணித்தான் வைத்திருக்கிறார்.

ஒக்ரோபர் பதின்மூன்றாம் திகதி சாருஜன் மறுபடி ஓடப் போனான். காலை நாலு நாற்பத்தைந்துக்குக் கரடிப்போக்கில் அளந்தது, முன்னுக்கு முப்பது, பின்னுக்கு இருபத்தெட்டு. அளந்தவர் க. குகதாசன் லொறியை ஓட்டினார். வழி முழுக்க வானத்தைப் பற்றியும் நெல்லைப் பற்றியும் கதைத்தார், ரயரைப் பற்றி மூச்சு விடவில்லை.

முறிகண்டியில் லொறி நின்றது. குகதாசன் வழக்கம் போலத் தேங்காயை எடுத்து நீட்டினார்.

கமலாசனி வாங்கவில்லை. இறங்கிப் பின்பக்கத்தால் ஏறி, மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில், கால் பம்பைத் தன் காலுக்குக் கீழே போட்டுக்கொண்டு இருந்தார். மடியில் கொப்பி.

"நீங்கள் போய் உடையுங்கோ அண்ணை" என்றார். "நான் வாகனத்தைப் பாக்கிறன்."